முன்பிடிக்குக் கீழே எழுதியிருந்தது

பெர்னிஸ் ஹால்வர்சன் யாரையும் மன்னித்து நான் பார்த்ததில்லை. இருபத்தெட்டு வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன். அப்படி ஒன்று நடந்திருந்தால் எனக்குத் தெரியாமல் போயிருக்காது. சர்ச் விருந்துக்கு அவளிடம் இரவல் வாங்கிய கண்ணாடிப் பாத்திரத்தை விளிம்பு உடைத்துத் திருப்பிக் கொடுத்த லோயிஸ் என்பவளோடு பதினாறு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடுவார்கள். ஆமென் சொன்னதும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறவள் பெர்னிஸ். எந்தப் பிள்ளை எந்த வருடம் அவளுடைய மக்ரோனியைக் குப்பையில் கொட்டியது என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வாள்.

அவள் புருஷன் ஆர்லோ இதற்கு நேர் எதிர். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் ஸாரி சொல்லுகிற மனிதர். டன்லப் ஃபோர்க் மலையில் பனிச்சறுக்குச் சரிவுகளைச் சமன் செய்யும் பனி இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். எதைப் பார்த்தாலும் கழற்றி மாட்டிப் பார்க்கிற கை. சர்ச்சின் பனி வாரும் மெஷினைப் பிரித்துப் போட்டு, ஒரு திருகாணி மிச்சம் வைத்து மாட்டி, அது முன்னைவிட நன்றாக ஓடியது என்று ஊரில் ஒரு கதை உண்டு. உண்மைதான், நானே பார்த்தேன்.

அந்தக் கை பிடித்த திருப்புளிதான் அவருக்கு வினையாகப் போனது. அல்லது பதினோரு வருடமாக நாங்கள் எல்லோரும் அப்படி நினைத்துக்கொண்டிருந்தோம்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கையில், ஆர்லோ பனியில் சறுக்க புது ஸ்கீ ஒரு ஜோடி வாங்கி, பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கிற பைண்டிங் பூட்டித் தரச் சொல்லி ராய்ஸ் கெட்னரின் கடையில் கொடுத்தார். எங்கள் ஊரில் அப்போது அந்த ஒரு கடைதான். பைண்டிங்கில் பூட்ஸின் நுனியைக் கவ்வ ஒரு முன்பிடி, குதிகாலைக் கவ்வ ஒரு பின்பிடி. விழும்போது இரண்டும் தானாக விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் ஸ்கீ ஒரு பக்கம் திரும்பும், அதோடு காலும் திரும்பும். கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள் ஆர்லோ மேல் சரிவில் விழுந்தார். சாதாரணமாக விழுந்ததுதான், குழந்தைகள் விழுந்து எழுந்து சிரிக்கிற மாதிரி. பின்பிடி விடவில்லை. முழங்கால் போயிற்று. இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகும் இயந்திரத்தின் படியில் ஏற முடியவில்லை. வேலையும் போயிற்று.

ராய்ஸ் ஒரே வார்த்தைதான் சொன்னான்: கடையில் சரியாகத்தான் பூட்டிக் கொடுத்தேன், ஆர்லோ வீட்டுக்குக் கொண்டுபோய் நோண்டியிருப்பார். கடைச் சீட்டிலும் எல்லாம் சரியாகவே எழுதியிருந்தது. ஆர்லோ வேலை பார்த்த மலைக் கம்பெனியின் ஆள் ஆஸ்பத்திரிக்கு வந்து, திருகாணியை நீங்கள் திருகியிருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டான். வலி மருந்தில் மிதந்துகொண்டிருந்த ஆர்லோ, இருக்கலாம், எனக்கு ஞாபகமில்லை என்றார். முடிந்தது கதை. ஸ்கீகளைப் பரிசோதிக்க வேண்டும் என்று ராய்ஸ் வாங்கிக்கொண்டு போனான். அவை திரும்பி வரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

ஊன்றுகோல் இல்லாமல் நடக்க ஆரம்பித்த முதல் வாரமே ஆர்லோ ராய்ஸின் கடைக்குப் போய், கல்லா முன்னால் நின்று, உன் கடை பேரை இழுத்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்று கேட்டார். ராய்ஸ் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, பரவாயில்லை என்று பெரிய மனது பண்ணினான். அன்று சாயங்காலமே மதுக்கடையில் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறான். 'திருப்புளி ஆர்லோ' என்று பெயர் வைத்தவன் அவன்தான். ஒரு மாதத்தில் ஊரே அப்படிக் கூப்பிட்டது. நானும் இரண்டொரு முறை சொல்லியிருக்கிறேன், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பெர்னிஸ் ஆர்லோவின் கருவிப் பெட்டியை முற்றத்தில் போட்ட பழைய சாமான் விற்பனையில் வைத்து ஒரே நாளில் தள்ளிவிட்டாள். புருஷன் நோண்டினார் என்றே அவளும் நம்பினாள். அதற்காக அவரைத் திட்டாத நாளில்லை. ஆனால் ராய்ஸின் மேல் அவளுக்கு வந்த கோபம் வேறு ரகம். தப்புச் செய்த மனிதர் வந்து தலை குனிந்து நின்றால், அதை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாமா? அவன் மூக்கை உடைக்காமல் சாகமாட்டேன் என்று என் சமையலறையில் நின்றே சொன்னாள். எப்படி உடைப்பது என்பதுதான் தெரியவில்லை.

கையில் கிடைத்த வழியில் உடைத்தாள். அந்தக் கடையில் ஒரு டாலர்கூடப் போடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு, பழைய ஸ்கீகளை வாங்கித் தானே பைண்டிங் பூட்டக் கற்றுக்கொண்டாள். முதல் ஜோடியில் துளைப்பான் அடிப்பக்கம் வழியாக வெளியே வந்துவிட்டது. அந்த ஜோடியை அப்படியே வேலிக்கு நட்டாள். இரண்டாவது ஜோடியில் இடது ஸ்கீக்கு, துளை போடும் இடம் காட்டுகிற அளவுத்தாளைத் தலைகீழாக ஒட்டித் தொலைத்தாள். மூன்றாவதிலிருந்து தப்பே கிடையாது. அளவுத்தாளை நூலகத்தில் அச்செடுத்து, அச்சு சுருங்கவில்லை என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பாள். பூட்ஸின் நடுக்கோட்டை ஸ்கீயின் நடுக்குறியோடு சேர்த்து ஒட்டுவாள். ஆணி முனையால் குறி குத்தி, துளைப்பானில் ஒன்பது மில்லிமீட்டரில் டேப் சுற்றி, அந்த டேப் மரத்தைத் தொட்டதும் நிறுத்துவாள். பழைய துளைகளுக்கு மரக்குச்சியும் பசையும். மற்றவர்களும் கொண்டுவர ஆரம்பித்தார்கள். பழைய பைண்டிங்குகளைத் தொட மாட்டேன், இன்ஷூரன்ஸ் பட்டியலில் இல்லை என்று ராய்ஸ் திருப்பி அனுப்புகிறவர்கள் எல்லாம் பெர்னிஸின் கராஜுக்கு வந்தார்கள். சமையற்காரி கடை என்று ராய்ஸ் கேலி செய்தான். அவள் காதுக்கு அது தேனாக இருந்தது.

ஆர்லோ மட்டும் கராஜுக்குள் காலெடுத்து வைப்பதில்லை. கதவோரம் நின்று பார்ப்பார். பழைய ஆர்லோவாக இருந்தால் இந்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்திருப்பார். இப்போது கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, நான் தொடல, டேப் கொஞ்சம் நகந்திருக்கு பாரு என்பார். அவ்வளவுதான்.

போன அக்டோபர் கடைசியில் எல்க் மான் வேட்டை தொடங்கியது. எங்கள் ஊர் ஆண்களில் பாதிப்பேர் மலையேறிவிட்டார்கள், ராய்ஸும்தான். அவன் இல்லாத நேரம் பார்த்து அவன் மனைவி டீனா கடைக்குப் பின்னாலிருந்த கொட்டகையைச் சுத்தம் செய்தாள். பல வருடமாக அதைக் காலி பண்ணச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனவள். கேட்பாரற்றுக் கிடந்ததையெல்லாம் பள்ளி ஜிம்மில் நடக்கிற பழைய ஸ்கீ சந்தைக்கு அனுப்பிவிட்டாள்.

சந்தையில் பெர்னிஸ் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. கடைசி வரிசையில் ஒரு ஜோடி ஸ்கீ. இடது ஸ்கீயின் வாலில் ஒரு பிளவை நீலப் பசை வைத்து ஒட்டியிருந்தது. கடையிலிருந்து பூட்டி வாங்கி வந்த மறுநாளே கராஜ் கதவில் இடித்து உடைந்து, ஆர்லோ தன் கையால் ஒட்டியது அது. எனக்கும் ஞாபகம் இருந்தது. பதினைந்து டாலர் கொடுத்து வாங்கினாள். எரிக்கப்போறேன் என்றாள். வீட்டுக்கு வந்ததும் மனது மாறியது; நல்ல ஸ்கீயை எரிப்பானேன், என் பூட்ஸுக்குப் பூட்டி, அந்த ஆள் கடை வாசல் வழியாகவே தினமும் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றாள். அவள் சந்தோஷம் அவளுக்கு.

அடுத்த நாள் மத்தியானம் ஆர்லோ முழங்காலைக் காட்ட டாக்டரிடம் போயிருந்தார். நாங்கள் இருவரும் ஸ்கீயைப் பட்டறை இடுக்கியில் இறுக்கி வைத்துப் பழைய பைண்டிங்கைக் கழற்றினோம். இடது ஸ்கீயின் முன்பிடி துருப்பிடித்து ஒட்டியிருந்தது. நெம்பினதும் பெயர்ந்து வந்தது. அடியில், வெளிச்சமே படாத இடத்தில், கறுப்பு மையில் எழுதியிருந்தது. நேற்று எழுதினது மாதிரி இருந்தது.

'305. டிச. 22. ஆர்.கே.'

துளை போடுகிறவன் எந்த அளவு பூட்ஸுக்குப் போட்டான் என்பதைப் பிடிக்கு அடியில் எழுதிவைப்பது ராய்ஸின் வழக்கம். அடுத்துக் கழற்றுகிறவனுக்கு உதவும் என்பான். அவனிடம் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். பெர்னிஸ் உள்ளே போனாள். ஆர்லோவின் பழைய பூட்ஸோடு வந்தாள். குதிகால் பக்கத்து பிளாஸ்டிக்கிலேயே அதன் நீளம் அச்சாகியிருந்தது. முந்நூற்றுப் பதினெட்டு.

பதின்மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். விரல் அகலம்கூட இல்லை. ஆனால் சின்ன பூட்ஸுக்குத் துளை போட்ட பைண்டிங்கில் பெரிய பூட்ஸைத் திணிக்க வேண்டுமானால், பின்பிடியைக் கடைசிப் பல் வரைக்கும் தள்ள வேண்டும். பிடி இறுகிவிடும். விழுந்தாலும் விடாது. எத்தனை திருப்புளி போட்டுத் திருகினாலும் ஆர்லோ இதைச் செய்திருக்க முடியாது. துளை போட்டவன்தான் செய்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இப்பவே கெளம்பு, மலையிலேர்ந்து எறங்கட்டும், ஊரே பாக்க இழுத்துட்டு வரலாம் என்றேன். பெர்னிஸ் ஸ்கீயைத் துண்டில் சுற்றினாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"இப்ப போனா மூணு பேர் இருப்பாங்க, கோரா. தொறப்பு சனிக்கிழமை ஊரே இருக்கும்."

பனிச்சறுக்குக்கு மலை திறக்கிற வாரத்துச் சனிக்கிழமை ராய்ஸின் கடையில் இலவசமாக பைண்டிங் பார்த்துக் கொடுப்பான். டோநட்டும் காப்பியும் இருக்கும். ஊரில் ஸ்கீ வைத்திருக்கிற அத்தனை பேரும் தோளில் சாத்திக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அதற்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது. ஆர்லோவிடம் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். சொன்னால் அவர் நேராக ராய்ஸிடம் போய்க் காதோடு காதாகப் பேசி முடித்துவிடுவார், எல்லாம் வீணாகிவிடும் என்றாள். அதுவும் நடக்கக்கூடியதுதான். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நான்கு வாரமும் அவள் ரகசியத்தை மிட்டாய் மாதிரி வாயில் அடக்கிக்கொண்டு திரிந்தாள். பள்ளிக்கூடத்தில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே உருளைக்கிழங்கு மசித்தாள் என்று கேள்விப்பட்டேன். வலது ஸ்கீக்கு மட்டும் தன் பூட்ஸின் அளவுக்குப் புது பைண்டிங் பூட்டினாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, நானும் இருந்தேன். ஆர்லோ கதவோரம் வந்து நின்றார். துளை போடும்போது ஸ்கீ லேசாக ஆடியது. பிடிக்க ஒரு கை வேண்டியிருந்தது. அவர் ஒரு அடி உள்ளே வைத்தார், பிறகு பின்னால் எடுத்துக்கொண்டார்.

"வேணாம். நான் தொட்டா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்" என்றார்.

பெர்னிஸ் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து துளைப்பானை மறுபடி வைத்தாள். நான் போய் ஸ்கீயைப் பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை என் பிக்கப் வண்டியில் மூவரும் போனோம். என் முட்டி வலிக்குது, ஸ்கீயைத் தூக்க ஆள் வேண்டும் என்று சொல்லி ஆர்லோவைக் கிளப்பியிருந்தாள். கடைக்குள் ஐம்பது பேராவது இருந்திருப்பார்கள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக பெர்னிஸ் அந்த வாசலை மிதித்ததைப் பார்த்ததுமே பேச்சு அடங்கியது. ராய்ஸ் முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்கீயாகப் பார்த்துக்கொண்டிருந்தான். டீனா பக்கத்தில் நின்று சீட்டு எழுதினாள்.

எங்கள் முறை வந்ததும் பெர்னிஸ் வலது ஸ்கீயைக் கல்லா மேல் வைத்தாள். அவன் தட்டிப் பார்த்தான், அழுத்திப் பார்த்தான், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. சமையற்காரி நல்லாத்தான் பூட்டியிருக்கா என்று சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னான். சிலர் சிரித்தார்கள். பிறகு துண்டைப் பிரித்து இடது ஸ்கீயை வைத்தாள். முன்பிடி இருந்த இடம் அவன் முகத்துக்கு நேராக இருந்தது.

அவன் முகம் வெளுத்ததை நான் கண்குளிரப் பார்த்தேன். பெர்னிஸ், இதை அப்புறம் பார்த்துக்கலாமே என்று முணுமுணுத்து ஸ்கீயை நகர்த்தப் பார்த்தான். அவள் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, டீனா, கண்ணாடி கொண்டுவரலை, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படி என்றாள். டீனா கள்ளமில்லாமல் உரக்கப் படித்தாள். படித்துவிட்டு, இது உங்க கையெழுத்துதானே என்று புருஷனைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான், தான் கொட்டகையிலிருந்து சந்தைக்கு அனுப்பிய ஸ்கீயின் நீலப் பசை அவள் கண்ணில் பட்டது. சீட்டுப் புத்தகத்தை மூடினாள்.

பெர்னிஸ் ஆர்லோவின் பழைய பூட்ஸை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதில் அச்சாகியிருந்ததைத் தானே படித்தாள். அதற்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. அங்கே நின்றவர்கள் எல்லோரும் ஸ்கீயில் பிறந்து வளர்ந்தவர்கள். யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ராய்ஸ் ஆர்லோவைப் பார்த்துத்தான் பேசினான். ஆர்லோவின் பூட்ஸ் அன்று ஈரமாக இருந்தது, உலர்த்தப் போட்டிருந்தது, கிறிஸ்துமஸ் நெரிசல், வாடகைக்குக் கொடுக்கிற பூட்ஸில் அதே மாடல் ஒன்றை எடுத்து அளவு வைத்தேன், ஒரு அளவு சின்னது என்று கவனிக்கவில்லை என்றான்.

"எப்ப கவனிச்ச?" என்று கேட்டாள் பெர்னிஸ்.

"அவர் விழுந்த அன்னிக்கே."

பெர்னிஸ் கல்லா முன்னால் தரையைக் காட்டினாள்.

"இந்த எடத்துல நின்னுதான் இவரு உங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு. எந்திரிச்சு வா. இதே எடத்துல நில்லு. நீ கேளு."

அவன் எழுந்து வந்தான். கேட்டான். ஆர்லோ அவனைப் பார்க்கவே இல்லை. அந்தக் கறுப்பு எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்து, அழிகிறதா என்று பார்ப்பது மாதிரி மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சரி ராய்ஸ் என்றார். எங்களுக்குப் பின்னாலிருந்து ஒருவர் தன் ஸ்கீயை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இன்னொருவர் போனார். நாங்கள் கிளம்பும்போது தட்டில் டோநட் அப்படியே இருந்தது. வரிசை மட்டும் இல்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், அப்படி ஒரு காலைப்பொழுது என் வாழ்க்கையில் இன்னொன்று கிடையாது.

வண்டியில் நான் ஓட்ட, ஆர்லோ நடுவில், பெர்னிஸ் ஜன்னலோரம். அவள் ராய்ஸின் முகம் போன போக்கைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பாலம் தாண்டும்போது ஆர்லோ கேட்டார்:

"எப்ப கழட்டுன?"

சந்தையில் வாங்கின மறுநாள் என்றாள் பெர்னிஸ், பெருமையாகத்தான். நான்கு வாரம் அடக்கி வைத்திருந்தேன், பார்த்தாயா என்கிற மாதிரி. ஆர்லோ சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அப்ப அந்த ஞாயித்துக்கிழமை, ட்ரில்லத் தொடமாட்டேன்னு நான் கதவுல நின்னப்ப, உனக்குத் தெரியும்."

அவள் சிரிப்பு நின்றது.

"அவன் பொய் சொன்னான், அவன் கடைக்காக. பதினோரு வருஷம் நானும் அத நம்புனேன். நீ எல்லாம் தெரிஞ்சே, அதுக்கு மேல ஒரு மாசம் என்ன அங்கயே நிக்க வெச்சிருக்க."

உங்களுக்காகத்தான் செய்தேன் என்றாள் பெர்னிஸ். அவர் என்னைப் பார்த்து, வண்டியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். எனக்கும் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை; நானும்தானே அன்று ஸ்கீயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெர்னிஸ் இறங்கி வழிவிட்டாள். பனி மிதித்து இறுகிய சாலையோரமாக, அந்தக் காலை இழுத்துக்கொண்டு, வீடு வரைக்கும் ஒரு மைல் நடந்தே போனார்.

ராய்ஸ் அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தான். ஆர்லோ அவனுக்குக் காப்பி கொடுத்தார். இப்போது செவ்வாயும் வியாழனும் அவன் கடைக்குப் போய் உட்கார்ந்து பைண்டிங் பூட்டுகிறார். துளை போடும்போது அந்தக் கை துளிக்கூட நடுங்குவதில்லை என்று டீனா சொன்னாள். ராய்ஸைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேச விடுவதில்லையாம். வீட்டில் பெர்னிஸிடம் மரியாதையாகத்தான் இருக்கிறார். உப்பு எடுத்துக் கொடுத்தால் நன்றி சொல்கிறார். கதவைத் திறந்துவிட்டால் நன்றி சொல்கிறார். வேறொன்றும் சொல்வதில்லை. யாரிடமும் எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

நேற்று பெர்னிஸ் என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள். காப்பியை ஆறவிட்டாள். பிறகு, இது எத்தனை நாளைக்கு இப்படியே இருக்கும் கோரா என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? விளிம்பு உடைந்த ஒரு கண்ணாடிப் பாத்திரத்துக்கு எத்தனை வருடம் ஆகும் என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள்தான்.